தங்கமாரியின் கண்

மலைக்கோயிலுக்கு விடலையாக்கும்? விட மாட்டான் தம்பி. தாணிப்பாறை ஓடையில முழங்கால் தண்ணி வந்தாப் போதும், கயிறு கட்டி எல்லாரையும் திருப்பி அனுப்பிருவான். அமாவாசையா இருந்தா என்ன, நீங்க மெட்ராஸ்ல இருந்து வந்திருந்தா என்ன? நல்லா நனைஞ்சிருக்கீங்க, உள்ள வாங்க. ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸு இப்பத்தான் போச்சு. அடுத்தது மூணரைக்கு. செருப்பை வெளியில விடுங்க. பிரேம் போடுற கடைன்னு நெனச்சுத்தானே எட்டிப் பாத்தீங்க? அதான பாத்தேன். போர்டை ஒருத்தரும் படிக்க மாட்டீங்க. 'சித்திரச்சாலை'ன்னு எம்புட்டுப் பெரிசா எழுதிருக்கேன்! என் கைதான் அது. ஒரு எழுத்து ஏறி இறங்கிருக்கா பாருங்க.

அந்த ஸ்டூல்ல உக்காருங்க. சுவரோரமா துணி போட்டு மூடிருக்கே, அதை மட்டும் தொடாதீங்க. நானே காட்டுறேன். காட்டத்தான் உங்களைக் கூப்பிட்டேன். அதை முடிச்சு ஒருத்தங்க வீட்டுல கொண்டு போய்க் கொடுக்கணும். அவங்க படுத்த படுக்கையா கெடக்காங்க. இந்த வாரமோ அடுத்த வாரமோன்னு தெருவுல பேசிக்கிறாங்க. அதுக்குள்ள கொடுத்தாகணும். உங்ககிட்ட ஒரு சின்ன ஒத்தாசை வேண்டியிருக்கு. பெரிசா ஒண்ணுமில்ல, ஒரு வார்த்தை சொன்னாப் போதும். மொதல்ல விஷயத்தைக் கேளுங்க.

என் பேரு சுந்தரமகாலிங்கம். மலைச்சாமி பேரு. இந்த வத்திராயிருப்புல கல்லை விட்டு எறிஞ்சா ஒரு சுந்தரமகாலிங்கம் மேலதான் விழும். அதனால பேரைச் சொல்லிக் கேட்டா யாருக்கும் தெரியாது, டிராயிங் வாத்தியார்னு கேக்கணும். முப்பத்தி நாலு வருஷம் ஹைஸ்கூல்ல டிராயிங் மாஸ்டர். பிள்ளைங்க வரைஞ்சதைத் திருத்துறது தான் நமக்கு வேலை. சிவப்புப் பென்சிலைக் கையில எடுத்தேன்னா ஒரு கோட்டைக் கோணலா விட்டு வைக்க மாட்டேன். ரிட்டையர் ஆன பிறகு கை சும்மா இருக்குமா? இந்த முன்னறையில உர மூட்டை போட்டு வச்சிருந்தோம். அதைக் காலி பண்ணி, வெள்ளையடிச்சு, ஆணி அடிச்சு, இதைத் தொறந்தேன். பத்தடிக்குப் பதினாலடி. சிரிக்காதீங்க. பெரிய ஊர்ல இருக்கிற மியூசியத்துல ஆயிரம் படம் வச்சிருப்பான், ஒண்ணையும் நின்னு பாக்க மாட்டீங்க. இங்க நான் அப்ப மாட்டினது பன்னெண்டே படம். பாக்காம எங்க போவீங்க?

மூணு மாசத்துக்கு ஒரு தலைப்பு. சும்மா மயில், மான், சூரிய உதயம்னு மாட்டுறவன் நான் இல்ல. மொதத் தலைப்பே 'முதுகு'. எல்லாப் படத்துலயும் ஆளுங்க திரும்பி நிப்பாங்க, ஒரு மூஞ்சி கூடக் கிடையாது. பஞ்சாயத்துத் தலைவர் வந்து பாத்துட்டு, "வாத்தியாரே, எல்லாரும் கோவிச்சுக்கிட்டுப் போறாங்களா?"ன்னாரு. அடுத்து 'மழைக்கறை'. சுவத்துல தண்ணி எறங்கி ஒரு கறை விழும்ல, அதை வீடு வீடாப் போய் அப்படியே பாத்து வரைஞ்சு மாட்டினேன். அதுக்கு அப்புறம் ஒரு வருஷத்துக்கு, நான் தெருவுல போனாலே பொம்பளைங்க வீட்டுக் கதவைச் சாத்துவாங்க, சுவத்தைப் பாத்துருவேனாம்.

'தப்பு'ன்னு ஒண்ணு வச்சேன் பாருங்க, அதுக்குத்தான் ஊரே தெரண்டு வந்துச்சு. என்கிட்டப் படிச்ச பயலுக வரைஞ்ச படத்துல மோசமானதா பொறுக்கி வச்சிருந்தேன், என் சிவப்புப் பென்சிலோட. எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சாங்க. சௌந்தரபாண்டின்னு ஒரு லாரி டிரைவர், பழைய மாணவன், அவன் வரைஞ்ச பசு மாட்டு முன்னாடி மட்டும் ரொம்ப நேரம் நின்னான். மாட்டுக்கு அஞ்சு காலு. குறுக்கே அடிச்சு, 'கண் தெரியலையா?'ன்னு எழுதிருக்கேன். "சார், அது அஞ்சாவது கால் இல்ல. பின்னாடி கன்னுக்குட்டி நிக்குது, அதோட காலு"ன்னான். அப்பவே சொல்லிருக்க வேண்டியதுதானடான்னு கேட்டேன். "சொன்னேன் சார். அடிச்சீங்க"ன்னு சொல்லிட்டுப் போயிட்டான். அடிச்சேனாம்! எனக்கு ஞாபகமே இல்ல தம்பி. கன்னுக்குட்டின்னா தலை தெரியணும், வால் தெரியணும். நான் என்ன தப்பாவா சொல்லிட்டேன்?

சரி, விஷயத்துக்கு வாரேன்.

அதுக்கு அடுத்த தலைப்பு 'திறந்த கண்'. இருபத்து மூணு வருஷம் ஆகப் போகுது. உங்களுக்கு இது தெரியாது, நீங்க கைபேசிக் காலத்துப் பிள்ளை. அந்தக் காலத்துல இங்க எத்தனை பேரு போட்டோ எடுத்தாங்க? உசிரோட இருக்கும்போது ஸ்டூடியோ வாசலை மிதிக்க மாட்டாங்க. செத்த பிறகுதான், ஐயய்யோ ஒரு படம் கூட இல்லையேன்னு ஸ்டூடியோக்காரனுக்கு ஆள் அனுப்புவாங்க. அவன் வருவான். பொணத்தை நாற்காலியில சாத்தி உக்கார வச்சு எடுப்பான். எடுத்தா கண்ணு மூடித்தானே இருக்கும்? அதைச் சுவத்துல மாட்ட முடியுமா? அதுக்குன்னு டச்சிங் ஆர்ட்டிஸ்ட் இருப்பான். படத்தைப் பெரிசு பண்ணி, மூடின இமை மேல ரெண்டு கண்ணை வரைஞ்சு விடுவான். முழிச்சுப் பாக்குற மாதிரி. இந்தப் பக்கத்துல வீட்டுக்கு வீடு அப்படி ஒரு படம் இருக்கும், பொட்டு வச்சு, மாலை போட்டு. வீட்டாளுகளுக்கே சில பேருக்குத் தெரியாது, அது செத்த பிறகு எடுத்ததுன்னு. வரைஞ்ச கண்ணாலயே எல்லாரையும் பாத்துக்கிட்டு இருக்கும். அந்தப் படங்களை எல்லாம் ஒரே அறையில மாட்டினா எப்படி இருக்கும்? நெனச்சதுமே எனக்குப் புல்லரிச்சுப் போச்சு.

வீடு வீடாப் போய்க் கேட்டேன். பதினோரு வீட்டுல கொடுத்தாங்க. வாத்தியார் கேட்டா இல்லேங்க முடியுமா? சீனியம்மா மட்டும் தான் ரொம்ப யோசிச்சாங்க. தீப்பெட்டி ஆபீஸ்ல குச்சி அடுக்குற வேலை அவங்களுக்கு. ஒத்தைக்கு ஒரு பொண்ணு, தங்கமாரி. பதினோரு வயசுல மஞ்சக்காமாலை வந்து மூணே நாள்ல போயிருச்சு. புருஷன் அந்த வருத்தத்துலயே குடிச்சுக் குடிச்சு அவரும் போயிட்டாரு. அந்தப் படம் ஒண்ணுதான் அந்தம்மாவுக்கு. காலையில ஷிப்டுக்குப் போகும்போது 'போயிட்டு வாரேன் தாயி'ன்னு அதுக்கிட்டச் சொல்லிட்டுத்தான் கதவைப் பூட்டுவாங்களாம். "அதைக் கழட்டினா வீட்டுல ஆளே இல்லாத மாதிரி ஆயிரும் சார்"னாங்க. ஏம்மா, ஒரே வாரந்தான், வெள்ளிக்கு வெள்ளி, நானே கொண்டாந்து என் கையால மாட்டித் தாரேன்னு சொன்னேன். நம்பிக் கொடுத்தாங்க. கொடுக்கும்போது முந்தானையால கண்ணாடியத் தொடச்சாங்க. "கண்ணைப் பாருங்க சார். அப்படியே அவ கண்ணு. அச்சு அசல்"னாங்க.

நான் ஆமாம்மான்னு தலைய ஆட்டிட்டு வந்துட்டேன். வாதம் பண்ணவா முடியும்?

ஏன்னா அந்தக் கண்ணு சரியே இல்ல தம்பி! ஒரு கண்ணு நேரா இருக்கு, இன்னொண்ணு மூக்குப் பக்கமாச் சாஞ்சிருக்கு. ஒரு ஆறாம் கிளாஸ் பய வரைஞ்சிருந்தாக் கூட காதைத் திருகிருப்பேன். மத்த படமும் யோக்கியம் இல்ல. ஒரு பெரியவருக்கு ஒரு கண்ணு அரைக்கால் இஞ்சு மேல இருக்கு. ஒரு பொம்பளைக்குக் கருவிழி பெரிசு சிறுசு. இப்படி ஒரு அறை முழுக்க மாட்டி வச்சா, வர்றவன் என்ன நெனப்பான்? டிராயிங் வாத்தியாருக்கு இது கூடவா தெரியலைன்னு கேக்க மாட்டானா? பதினோரு படத்தையும் பிரேம்ல இருந்து எடுத்தேன். நாலு நாள் ராப்பகலா உக்காந்தேன். பழைய மையை பிளேடால மெதுவாச் சுரண்டி, போஸ்டர் ஒயிட் அடிச்சு, இந்தியன் இங்க்கால புதுசா ஜோடிக் கண்ணு. ஒத்தைக் கண்ணை மட்டும் திருத்தினா ஜோடி சேராது, ரெண்டையும்தான் போடணும். வேலைன்னா சுத்தமா இருக்கணும். என் வீட்டுக்காரி, அப்ப இருந்தா, காப்பிய வச்சுட்டு, "அடுத்தவங்க பொருளுங்க. ஏன் அதுல கைய வைக்கிறீங்க?"ன்னா. உனக்கென்னடி தெரியும், போ உள்ளன்னு விரட்டிட்டேன்.

மத்த பத்து வீட்டுலயும் ஒரு வார்த்தை குறை சொல்லல, தெரிஞ்சுக்கங்க. ஒருத்தர், எங்கப்பா ரொம்பத் தெளிவா இருக்காரு சார்னு கையெடுத்துக் கும்பிட்டாரு. அதையும் சேத்துச் சொல்லணும்ல?

சீனியம்மா மொத நாளே வந்தாங்க. ஷிப்டு முடிஞ்சு, தீக்குச்சி மருந்து வாடையோட, கையில ஒரு முழம் கனகாம்பரம் வச்சுக்கிட்டு. வரிசையாப் பாத்துக்கிட்டே வந்தவங்க தங்கமாரியைத் தாண்டிப் போயிட்டாங்க. தாண்டிப் போயி, கடைசி வரைக்கும் போயி, திரும்பி வந்து, "எம் பிள்ளைய எங்க சார் மாட்டிருக்கீங்க?"ன்னாங்க.

இந்தா இருக்கும்மான்னு காட்டினேன்.

பாத்தாங்க. நல்லாக் கிட்டப் போயிப் பாத்தாங்க. பாவாடை அதேதான், சட்டையில பொத்தான் விட்டுப் போயி ஊக்கு குத்தியிருக்கு, அதும் அதேதான். "இது அவ இல்லையே"ன்னாங்க. "அவளுக்கு மாறுகண்ணு சார். லேசா. பள்ளிக்கூடத்துல ஒண்ணரைக் கண்ணுன்னு கேலி பண்றாங்கன்னு அழுதுக்கிட்டு வருவா. அந்த ஆர்ட்டிஸ்ட் தம்பிகிட்டச் சொல்லிச் சொல்லி, மூணு தடவை அழிக்கச் சொல்லி, பக்கத்துலயே உக்காந்து வரைஞ்சு வாங்கினேன் சார். நீங்க என்ன பண்ணுனீங்க?"ன்னு கேட்டாங்க.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. அதை மறைக்கல. ஆனா இதெல்லாம் முன்னாடியே சொல்லணுமா இல்லையா? அச்சு அசல்னா யாருக்குப் புரியும்? நான் என்ன ஜோசியக்காரனா? சரிம்மா, பதறாதீங்க, அரை மணி நேர வேலை, இருந்தபடியே போட்டுத் தாரேன்னு படத்தை எறக்கி மேஜையில வச்சு பிரஷ்ஷ நனைச்சேன். எந்தக் கண்ணும்மான்னு கேட்டேன்.

இப்பவும் கண்ணு முன்னாடி நிக்குது தம்பி. அந்தம்மா டக்குனு கையத் தூக்கி அவங்க மூஞ்சியில இடது கண்ணைத் தொட்டாங்க. உடனே எடுத்து வலது கண்ணைத் தொட்டாங்க. அப்புறம் படத்துக்கு நேரா விரலை நீட்டி, எதுத்தாப்ல நின்னு, இந்தப் பக்கம் கொண்டு போனாங்க, அந்தப் பக்கம் கொண்டு போனாங்க. அவ என்னையப் பாத்து நின்னான்னா, இது இந்தப் பக்கம் வரும்னு அவங்களுக்கே சொல்லிக்கிட்டாங்க. விரல் அப்படியே அந்தரத்துல நின்னுருச்சு. "எனக்குத் தெரியலையே"ன்னாங்க. மெதுவாத்தான் சொன்னாங்க. அப்புறம் வயித்துல அடிச்சுக்கிட்டுச் சத்தமாச் சொன்னாங்க, "ஐயோ, எனக்குத் தெரியலையே, பெத்தவளுக்குத் தெரியலையே"ன்னு. தெருவே வாசல்ல கூடிருச்சு.

பாத்தீங்களா? பெத்தவளுக்கே தெரியல. நான் மூணாம் மனுஷன், ஒரே வாரத்துல பதினோரு ஜோடிக் கண்ணு போட்டவன், எனக்கு எப்படித் தெரியும்? இடதுன்னு ஒரு நெனப்பு. யாருக்கு இடது, பாக்குற நமக்கா, படத்துல இருக்கிற பிள்ளைக்கான்னு யோசிச்சா அதுவும் கலங்கிப் போகுது.

"நீங்களே வச்சுக்கங்க சார், இது எம் பிள்ளை இல்ல"ன்னுட்டுப் போயிட்டாங்க. கனகாம்பரம் மேஜையில கெடந்துச்சு. எனக்கு அதுதான் தாங்கல. திட்டிருக்கலாம், கல்லை விட்டு எறிஞ்சிருக்கலாம். கொண்டு வந்த பொருளை எடுத்துட்டுப் போக வேண்டாமா? எம் மேல இறக்கி வச்சுட்டுப் போனா நான் என்ன பண்ணுவேன்?

நான் சும்மா இருந்தேன்னு மட்டும் நெனச்சுராதீங்க. அந்த டச்சிங் ஆர்ட்டிஸ்டைத் தேடி ராஜபாளையம் போனேன். கோபுரத்துக்குப் பெயிண்ட் அடிச்சுக்கிட்டு இருந்தான், சாரத்துல இருந்து எறங்கவே இல்ல. "எரநூறு பேருக்குக் கண்ணு போட்டிருப்பேன் சார், ஒண்ணொண்ணும் ஞாபகம் வச்சிருந்தா நான் தூங்க முடியுமா?"ன்னு மேல இருந்தே சொன்னான். கூடப் படிச்ச பிள்ளைகளைத் தேடினேன். டீக்கடைக்காரன் இடதுன்னான். ஒரு பொண்ணைக் கூமாப்பட்டியில கட்டிக் கொடுத்திருந்தாங்க, அது வலதுன்னுச்சு. அவங்க கிளாஸ் டீச்சர் கேட்டாங்களே ஒரு கேள்வி, "தங்கமாரியா? அது யாரு?"ன்னு.

கடைசியில அந்தப் பிள்ளையைப் படம் எடுத்த ஸ்டூடியோவுக்கே போனேன். பழைய ஆளு இல்ல, மகன் நடத்துறான். பரண்ல ஏறி, தகர டப்பாவெல்லாம் உருட்டி, ரெண்டு நாள் கழிச்சு நெகட்டிவ்வைக் கண்டுபிடிச்சான் பாருங்க! எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சேன். கண்ணு மூடியிருந்துச்சு. மூடித்தானே இருக்கும்? பொணத்தைத்தானே எடுத்தான்? அது எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனா அந்த நேரம் மறந்துபோச்சு தம்பி.

சரி, இவ்வளவு தூரம் வந்தாச்சு, இதாவது உண்மையான மூஞ்சி, யாரும் கை வைக்காததுன்னு அதைப் பிரிண்ட் போட்டு, தேக்கு பிரேம் போட்டு, நானே சீனியம்மா வீட்டுக்குக் கொண்டு போனேன். சோறு வடிச்சுக்கிட்டு இருந்தாங்க. வாங்கிப் பாத்தாங்க. "இது அன்னைக்குச் செத்துக் கெடந்த பிள்ளை சார். இதைப் பாக்கக் கூடாதுன்னுதானே அந்தக் கண்ணை வாங்கினேன்"னாங்க. பிரேமை என் கையிலயே திருப்பிக் கொடுத்துட்டு, கதவைச் சாத்திக்கிட்டாங்க. ஆணி மட்டும் சுவத்துல இருந்துச்சு, நான் பாத்தேன்.

அதுக்கு அப்புறம் இந்த ஊர்ல ஒருத்தரும் எனக்கு ஒரு படம் கொடுத்ததில்ல. பத்து வீட்டுக்காரங்களும் சீனியம்மா அழுத மறுநாளே வந்து கழட்டிட்டுப் போயிட்டாங்க, கும்பிட்டவரும் சேத்துத்தான். ஒருத்தர் வீட்டுல, இது எங்கப்பா பார்வை இல்லைன்னு இப்ப மாலை கூடப் போடுறதில்லையாம். கிளப்பி விட்டா எல்லாருக்கும் சந்தேகம் வந்துருது. முப்பத்தி நாலு வருஷம் இவங்க பிள்ளைகளுக்குக் கோடு போடக் கத்துக் கொடுத்தேன். தெருவுல கண்டா மூஞ்சியத் திருப்பிக்கிறாங்க. நான் என்ன தப்பாவா செஞ்சேன், சொல்லுங்க? நல்லா இருக்கணும்னுதானே செஞ்சேன்? என் வீட்டுக்காரி சாகுற வரைக்கும் இதைப் பத்தி ஒரு வார்த்தை கேக்கல. அவ கேட்டிருந்தாக் கூடத் தேவலை.

அதனால இப்ப சித்திரச்சாலையில ஒரே தலைப்பு, ஒரே படம். அமாவாசை அமாவாசைக்கு மலைக்கு வர்றவங்க யாராவது உங்களை மாதிரி ஒதுங்குவாங்க. வெளியூர்க்காரங்கன்னா நல்லது, இந்தக் கதை தெரியாது, மனசுல பட்டதைச் சொல்லுவாங்க. ஒருத்தர் இடதும்பாரு, போட்டுப் பாப்பேன். பத்து நாள் எதுத்தாப்ல உக்காந்து பாத்தா, இது இல்லைன்னு தோணும். சுரண்டிருவேன். இன்னொருத்தர் வலதும்பாரு. போடுவேன், சுரண்டிருவேன். எண்பது தாண்டியாச்சு, ஆனா கை ஆடாது, பாருங்க. ஆடுதா? அது குளிருக்கு.

நேத்துச் சீனியம்மா வீட்டுப் பக்கம் போனேன். பக்கத்து வீட்டுப் பொண்ணுதான் கஞ்சி ஊத்துது. வாசல்லயே நின்னேன். எப்படிம்மா இருக்காங்கன்னு கேட்டேன். "ஆணியவே பாத்துக்கிட்டுக் கெடக்காங்க சார்"னுச்சு. அந்த ஆணியை இன்னும் பிடுங்கல தம்பி. பிடுங்காம வச்சிருக்காங்கன்னா என்ன அர்த்தம்? நான் கொண்டு வருவேன்னுதானே? அன்னைக்கு நான் சொன்னேன்ல, வெள்ளிக்கு வெள்ளி, என் கையால மாட்டித் தாரேன்னு. நாளைக்கு வெள்ளிக்கிழமை.

எந்திரிங்க. இப்படி வெளிச்சம் விழுற பக்கமா வாங்க. துணியை எடுக்குறேன், பயந்துராதீங்க.

இந்தா, இதுதான் தங்கமாரி. பாவாடை, சட்டை, ஊக்கு, ரெட்டைச் சடை, எல்லாம் அப்படியே இருக்கு. மேல மட்டும் ரெண்டு எடத்துல வெள்ளையா இருக்குல்ல, அது ஒண்ணுமில்ல, பேப்பரு. சுரண்டிச் சுரண்டி அட்டை வரைக்கும் வந்துருச்சு. இந்தப் பக்கம் கொஞ்சம் ஓட்டை விழுந்துருச்சு, பின்னாடி ஒட்டுப் போட்டிருக்கேன். இனி ஒரே ஒரு தடவைதான் மை தாங்கும். அதான் இந்தத் தடவை தப்பு வந்துரக் கூடாது.

ஏன் பின்னாடி போறீங்க? பஸ்ஸுக்கு இன்னும் கால் மணி நேரம் இருக்கு. யோசிக்கவே யோசிக்காதீங்க, யோசிச்சாக் கலங்கிப் போயிரும். பிரஷ்ஷ நனைச்சு வச்சிருக்கேன், இந்தா. பாத்து, மொதல்ல பட்டதைச் சொல்லுங்க போதும். இந்தக் கண்ணா, அந்தக் கண்ணா?